டர்பன் கோயில் வாசல்



அழைப்பிதழில் ‘தென்னாப்பிரிக்காவில் ஒரு பாதிரியார்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் தென்னாப்பிரிக்கா போனதில்லை, பாதிரியாரும் இல்லை. போய்வந்த பாதிரியார் இங்கேதான் இருக்கிறார். இந்த மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மல்லிக் பஜார் முனையில், முன்பு லோயர் சர்க்குலர் ரோடு என்று சொன்ன சாலையில், பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. மைக்கேல் மதுசூதன் தத்தரின் கல்லறைக்குப் பூ வைக்க வங்காளிகள் அங்கே போகிறார்கள். அதே தோட்டத்தில்தான் சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ் கிடக்கிறார். 1940 ஏப்ரல் 5ஆம் தேதி இந்தக் கல்கத்தாவில் இறந்தார். அவரைத் தேடி வருகிறவர்கள் குறைவு. தமிழர்கள் இன்னும் குறைவு. அந்தக் கணக்குத்தான் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அவர் கப்பலேறிப் போனதில் பெரும்பகுதி நம்மவர்களுக்காக.

ஆண்ட்ரூஸ் 1871இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து ஆங்கிலிக்கன் குருவானார். லண்டனில் வால்வொர்த் என்ற ஏழைக் குடியிருப்பில் ஊழியம் செய்தார். 1904இல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். கல்லூரி முதல்வர் பதவி காலியானபோது, ஆங்கிலேயர் ஒருவருக்கே அது போகும் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், சுஷில் குமார் ருத்ராவைத்தான் நியமிக்க வேண்டும் என்று நின்றார். 1912இல் லண்டனில் தாகூரைச் சந்தித்தார். பிறகு அவர் மனம் சாந்திநிகேதனுக்குப் போய்விட்டது. வரலாற்றை இதற்குமேல் நீட்ட மாட்டேன். பாடப்புத்தகத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது.

1913ஆம் ஆண்டின் கடைசியில் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் போராட்டத்துக்காகக் கோகலே நாடு முழுக்கப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். அங்கே நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகள் வேலையை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார். அது போதாது என்று தோன்றியதும் தாமே போவதாகச் சொன்னார். உடன் வந்தவர் வில்லியம் பியர்சன். நம் பவானிப்பூரில் லண்டன் மிஷன் கல்லூரியில் பாடம் நடத்தியவர் அவர். பிறகு சாந்திநிகேதன் பிள்ளைகளுக்கு வாத்தியாரானார். இருவரும் 1914 ஜனவரி 2ஆம் தேதி டர்பனில் இறங்கினார்கள்.

துறைமுகத்தில் காந்தியின் நண்பர் போலக் நிற்கிறார். அவர் முகம் ஆண்ட்ரூஸுக்குத் தெரியும். காந்தி எங்கே என்று கேட்கிறார். பக்கத்தில் மொட்டைத் தலையோடு, முரட்டு வெள்ளைத் துணியில் ஒருவர் நிற்கிறார். வேலைநிறுத்தத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட கூலிகளுக்குத் துக்கம் காக்கிற வேடம் அது. போலக் அவரைக் காட்டுகிறார். ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் காலைத் தொடுகிறார். அப்படிச் செய்யாதீர்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று காந்தி மெல்லச் சொல்கிறார்.

டெல்லியில் பத்தாண்டு இருந்தவருக்குப் பெரியவர் காலைத் தொடுவது இயல்பு. டர்பனில் அது பூகம்பம். வெள்ளைக்காரர், அதுவும் குருவானவர், ஒரு கூலி பாரிஸ்டரின் காலில் விழுந்தார் என்று பத்திரிகைகள் கொதித்தன. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அவரை நேரில் பார்த்து, நேட்டாலில் நாங்கள் இப்படியெல்லாம் செய்வதில்லை என்று அறிவுரையும் சொன்னாராம். பாருங்கள், சட்டம் எதுவும் மீறப்படவில்லை. ஒரு முதுகு வளைந்தது, அவ்வளவுதான்.

அந்த ஊரில் ‘கூலி’ என்பது வேலையின் பெயர் இல்லை, இனத்தின் பெயர். கூலி வியாபாரி, கூலி வக்கீல் எல்லாம் உண்டு. இன்னொரு சொல் ‘சாமி’. முனுசாமி, ராமசாமி, நாராயணசாமி என்று நம் ஆட்களின் பெயர் வால்களைக் கேட்டுக் கேட்டு, எந்த இந்தியனையும் ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் கும்பிடுகிற சொல், அங்கே வசைச்சொல் ஆயிற்று. காந்தியே இதை எழுதியிருக்கிறார்.

இனி கோயில் வாசலுக்கு வருகிறேன்.

வந்த சில நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டர்பனில் ஒரு ஆலயத்தில் ஆண்ட்ரூஸ் பிரசங்கம் செய்தார். கேட்க காந்தியும் போனார். வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள். உள்ளே வெள்ளையர் மட்டும். ஆண்ட்ரூஸுக்கு இது அந்நேரம் தெரியாது, பிரசங்க பீடத்திலிருந்து வாசல் தெரியாதல்லவா. ஆராதனை முடிந்த பிறகுதான் விஷயம் காதுக்கு வந்தது. கடைசிவரை அவர் மறக்காத ஞாயிறு அது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காந்திக்கு டர்பன் கோயில்கள் புதியவை அல்ல. இருபது ஆண்டுக்கு முன், அங்கே வந்த புதிதில், ஒரு வெள்ளைக் குடும்பத்தின் அழைப்பின்பேரில் ஞாயிறுதோறும் வெஸ்லியன் ஆலயத்துக்குப் போயிருக்கிறார். பிரசங்கம் சப்பென்று இருந்ததால் தூக்கம் வந்தது என்று சத்திய சோதனையில் நேர்மையாக எழுதியும் வைத்திருக்கிறார். பிரிட்டோரியாவில் பேக்கர் என்ற வக்கீல் அவரை வெலிங்டன் மாநாட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். வழியில் விடுதியில் இடம் பிடிக்கப் பேக்கர் பட்ட பாடு பெரிது, ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார். அன்று காந்தி ஒரு ஆத்துமா. மனந்திரும்பக்கூடியவர், மீன்பிடி வலையில் பாதி ஏறிய மீன். 1914இல் அவர் ஆயிரக்கணக்கான கூலிகளை நடத்திச் சென்றவர். ஆத்துமாவுக்குத் திறந்த கதவு, தலைவருக்கு மூடிக்கொண்டது என்றே நான் வாசிக்கிறேன். இதற்கு ஆவணம் கேட்டால் என்னிடம் இல்லை.

நம் பக்கத்துச் சபைகளில் வெளியூர்க் குருவை ஞாயிறு பிரசங்கத்துக்குக் கூப்பிடுவது பெரிய மரியாதை. சேகரகுரு வீட்டில் சாப்பாடு, மாலை, ஒரு துண்டு. வந்தவர் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு ரயிலேறிவிடுவார். சபைக்குள் இருக்கிற புண் அவர் கண்ணில் படாது, படாமல் பார்த்துக்கொள்வோம். ஆண்ட்ரூஸும் அப்படிப்பட்ட விருந்தாளியாகத்தான் இருந்திருக்க வேண்டும். காந்தி அன்று பிரசங்கம் கேட்க ஆசைப்படாமல் இருந்திருந்தால் அவர் வெறும் விருந்தாளியாகவே ஊர் திரும்பியிருப்பார்.

அப்படியானால் இந்தியக் கிறிஸ்தவர்கள் அந்த ஊரில் எங்கே கும்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். இருந்தார்கள், தனியாக.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் கூலிகளை டர்பனில் கொண்டுவந்து இறக்கியது. பத்து நாள் கழித்து பெல்வெடேர் வந்தது. அது புறப்பட்டது இந்தக் கல்கத்தாவிலிருந்து, நம் ஹூக்ளியிலிருந்து. கிடர்ப்பூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் அந்தக் கப்பல்களுக்கு இன்று நினைவுச் சின்னம் இருக்கிறது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ட்ரூரோவிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கத்தோலிக்கருக்கு டர்பனில் சபோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வாய்த்தார். 1862இல் ரால்ஃப் ஸ்டாட் என்ற மெத்தடிஸ்ட் ஊழியர் வந்தார். மட்டக்களப்பில் பல ஆண்டு இருந்தவர், தமிழ் தெரிந்தவர். கரும்புத் தோட்டத்து லைன்களில் ஒரு வெள்ளைக்காரர் மட்டக்களப்புத் தமிழில் பிரசங்கித்தபோது நம் வட ஆற்காட்டுக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆங்கிலிக்கன் சபையில் செயின்ட் எய்டன் மிஷன் என்று ஒன்று இந்தியர்களுக்காக நடந்தது. அதன் தலைவர் டாக்டர் பூத், மருத்துவரும் குருவும் ஆனவர். அவர் நடத்திய சிறு மருத்துவமனையில் காந்தி தினமும் ஓரிரு மணி நேரம் சேவகம் செய்திருக்கிறார். நோயாளி தமிழில் சொல்வதைக் கேட்டு டாக்டருக்குச் சொல்லி, மருந்து கலந்து கொடுத்திருக்கிறார். 1899இல் போயர் யுத்தத்தில் இந்தியர்களின் டோலிப் படைக்குப் பயிற்சி கொடுத்ததும் பூத்தான். 1903இல் நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா வந்தார். அவரை அனுப்பியது வெள்ளைக்காரர் சங்கம் இல்லை, தெலுங்கு பாப்டிஸ்டுகள் தங்கள் காசில் நடத்திய சங்கம். கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் அந்த டிசம்பரில் சபை கூடியது. அவர் ஊர் திரும்பவில்லை, 1915இல் நேட்டாலிலேயே இறந்தார். வெளியூரிலிருந்து வந்த குரு என்று யாரையாவது சொல்லலாம் என்றால் ரங்கையாவைத்தான் முதலில் சொல்வேன். ஆண்ட்ரூஸைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய, ரங்கையாவைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக, தோட்டத்தில் சபை உண்டு. நகரத்தின் வெள்ளை ஆலயத்தில் இடம் இல்லை. ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே ஜெபப் புத்தகம், கதவு வேறு.

இதற்கிடையில் நீதிமன்றமும் கோயில் பதிவேட்டில் கைவைத்தது. 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவச் சடங்கில் நடக்காத, பதிவாளர் முன் பதியாத கல்யாணம் அந்த நாட்டில் கல்யாணமே இல்லை என்பது அதன் சாரம். ஒரே நாளில் இந்து, முஸ்லிம் மனைவிமார் எல்லாரும் வைப்பாட்டிகள் ஆனார்கள். கிறிஸ்தவத் தமிழச்சிகளுக்கு இந்தத் தீர்ப்பால் ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் தாலிக்குப் பாதிரியார் கையெழுத்து இருந்தது. ஆனாலும் கிறிஸ்தவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை.

லாசரு கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேட்டாலிலும் ஒரு நியூகாசில் உண்டு, அதுவும் ஆண்ட்ரூஸ் பிறந்த ஊர் மாதிரியே நிலக்கரி ஊர். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள் சுரங்கக் கூலிகளிடம் பேசி வேலையை நிறுத்தச் செய்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. அவர்களையும் பின்னால் வந்த காந்தியையும் வீட்டில் ஏற்றுக்கொண்டவர் லாசரு என்ற நடுத்தரக் கிறிஸ்தவத் தமிழர். சின்னத் துண்டு நிலம், இரண்டு மூன்று அறை உள்ள வீடு. வேலையை விட்ட கூலிகள் மூட்டையும் பெண்டு பிள்ளைகளுமாக அந்த வீட்டு வாசலுக்கு வந்து குவிந்தார்கள். வீடு சத்திரமாயிற்று, இரவும் பகலும் அடுப்பு அணையவில்லை. பைபிளில் லாசரு ஐசுவரியவானின் வாசலில் கிடக்கிற பிச்சைக்காரன். நியூகாசிலில் வாசல் லாசருவுடையது, கிடந்தவர்கள் வேறு. நவம்பர் 6ஆம் தேதி அங்கிருந்து திரண்டவர்கள் எல்லை தாண்டி நடந்தார்கள். 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தி கணக்குச் சொல்கிறார்.

எதற்காக நடந்தார்கள்? மூன்று பவுன் வரிக்காக. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும். மனைவிக்குத் தனி, பதினாறு தாண்டிய மகனுக்குத் தனி, பதின்மூன்று தாண்டிய மகளுக்குத் தனி. தோட்டத்தில் முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஆறு மாதக் கூலி ஒரு தலைக்கு. கணக்கு இவ்வளவுதான், இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஆண்ட்ரூஸ் அங்கே இருந்தது ஏழு வாரம். பிரிட்டோரியாவில் அமைச்சர் ஸ்மட்ஸோடு காந்தி பேசியபோது பக்கத்தில் இருந்தார். ஜனவரி மூன்றாம் வாரம் பேச்சு முடிகிற தருணத்தில் கஸ்தூரிபா உயிருக்குப் போராடுகிறார் என்று செய்தி வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு சொல் காந்திக்கு ஒப்பவில்லை. அது தீராமல் மனைவியைப் பார்க்கப் போகவும் அவர் தயாரில்லை. இரவெல்லாம் பேசி ஒரு மாற்றுச் சொல் கண்டுபிடித்தார்கள். விடிந்ததும் ஆண்ட்ரூஸ் ஸ்மட்ஸிடம் போனார். அவர் அந்தச் சொல்லை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். பிறகே ரயில். அதே மாதம் இங்கிலாந்தில் ஆண்ட்ரூஸின் தாயார் இறந்தார். கஸ்தூரிபாவும் மற்ற இந்தியப் பெண்களும் காட்டிய பரிவில் தாயைத் திரும்பக் கண்டதாக அவர் தாகூருக்கு எழுதினார். சாவு வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுவது குருவின் வேலை. அங்கே சபை குருவைத் தேடி வந்தது, அந்தச் சபைக்கு ஞானஸ்நானமும் இல்லை.

கேப் டவுனில் அவர் தாகூரைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். நோபல் பரிசு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கேட்க கவர்னர் ஜெனரல் கிளாட்ஸ்டனே வந்தார். கூலி என்ற ஒரே சொல்லால் இந்தியனை அளந்த ஊரில் ஒரு வங்காளிக் கவிஞரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு. நான் ஆண்ட்ரூஸின் செயல்களில் இதை மிக உயர்வாக மதிப்பேன், காலைத் தொட்டதைவிட ஒரு படி மேலே. பிப்ரவரி 21ஆம் தேதி கப்பலேறினார். மறுநாள், போராட்டத்தில் சிறை சென்ற பதினாறு வயது வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்கில் இறந்தாள், அங்கே சிறையில் வாங்கிய காய்ச்சலோடு.

ஆண்ட்ரூஸ் மனத்தில் அந்தக் கோயில் வாசல் வேலை செய்துகொண்டே இருந்தது. திரும்பிய சில மாதத்தில் குருப்பணியை விட்டார். கோட்பாடு பற்றிய சந்தேகங்களும் இருந்தன, வாசல் மட்டுமே காரணம் என்று நான் கதை கட்ட மாட்டேன். பின்னாளில் திரும்பவும் அதே பணிக்கு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1915இல் காலரா கண்டு தேறிவந்த நாட்களில், நேட்டாலில் பார்த்த ஒரு கூலி அவர் கண்முன் தோன்றினான். தோட்டத்தில் அடிபட்டு முதுகு கிழிந்து ஓடிவந்தவன், மிரண்ட கண். அந்த முகம் மெல்ல மாறிக் கிறிஸ்துவின் முகமானது என்று அவர் சொன்னார். அந்த ஆண்டே பியர்சனோடு ஃபிஜிக்குப் போனார். கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாரதி பாடிய அதே ஃபிஜி. 1917இல் ஒப்பந்தக் கூலி ஏற்றுமதி நின்றது. 1920இல் அந்த முறையே ஒழிந்தது.

இங்கே ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூஸ் டர்பனில் இறங்குவதற்கு ஆறு மாதம் முன்புதான், 1913 ஜூனில், கறுப்பின மக்களின் நிலத்தைப் பறித்த சட்டம் வந்தது. நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு மிஞ்சியது சுமார் 7 சதவீத மண். காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஜான் டூபேயின் ஒலாங்கே பள்ளி இருந்தது. ஆனால் அந்த ஏழு வாரப் பேச்சுவார்த்தையில் ஜூலு மக்களுக்கு நாற்காலி கிடையாது. நம் போராட்டம் நம் போராட்டமாகவே இருந்தது. கோயில் வாசலில் காந்தியாவது போய் நின்றார். அவர்களுக்கு அந்தத் தெருவிலேயே நடக்க அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் டர்பன்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

முதலாவது காந்தியின் சொந்த வீட்டு வாசல். அதே டர்பன், 1898. வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவர் அறையின் மூத்திரச் சட்டியை எடுத்துக் கழுவ கஸ்தூரிபா கண்ணீரோடு வந்தார். மற்றவர்களுடையதை எடுக்கிறவருக்கு இதை மட்டும் பொறுக்க முடியவில்லை. அழாமல் எடு என்று காந்தி கத்தினார், கையைப் பிடித்து வாசல் கேட்டுக்கு இழுத்தார், வெளியே தள்ளக் கதவையும் திறந்தார். தன் வெட்கத்தை அவரே எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. பதினாறு ஆண்டு கழித்துத் தான் வாசலில் நிறுத்தப்பட்டபோது அந்தக் கேட் அவர் நினைவுக்கு வந்ததோ என்னவோ.

இரண்டாவது நம்முடையது. இதற்கும் கல்கத்தாவுக்கும் சம்பந்தம் உண்டு. செயின்ட் பால்ஸ் பேராலயத்தைக் கட்டியவர் பிஷப் டேனியல் வில்சன், 1847இல் பிரதிஷ்டை செய்தார், அவர் கல்லறையும் அங்கேதான். அவர் 1832இல் வந்தபோது சென்னைக்குத் தனிப் பேராயர் இல்லை, தஞ்சாவூரும் வேப்பேரியும் கல்கத்தாவுக்கு அடக்கம். 1833இல் அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி கூடாது, உடனே விட வேண்டும், அடியோடு விட வேண்டும், திருவிருந்தில் எல்லாரும் ஒன்றாக வர வேண்டும். தஞ்சைச் சபை இரண்டாகப் பிளந்தது. பல வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வெளியேறி லுத்தரன் பக்கம் போனார்கள். தஞ்சை மன்னர் சரபோஜியின் பள்ளித் தோழர், எத்தனையோ கீர்த்தனை பாடிய வேதநாயக சாஸ்திரியார், அதற்கு முன்பே சாதியில் கைவைத்த வெள்ளைப் பாதிரிமாரைக் கண்டித்து எழுதியவர். அவர் பாட்டை நாம் இன்றும் பாடுகிறோம், நானும் பாடுவேன், நல்ல பாட்டு. கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். சாதிக்கொரு பக்கமாகக் கால்சட்டை வடிவில் கோயிலே கட்டி நடுவே சுவர் வைத்தார்கள். 1910 வாக்கில்தான் அந்தச் சுவர் இடிந்தது. டர்பனில் காந்தி நிறுத்தப்பட்டதற்கு மூன்று நான்கு ஆண்டு முன்பு.

என் பாட்டி ஊர்ச் சபையில், பெயர் வேண்டாம், பாய் விரித்து உட்காரும் காலத்தில் ஒரு தெருக்காரர் எப்போதும் வாசல் பக்கப் பாயில்தான் இருப்பார்கள். அது அவர்கள் இடம் என்று பாட்டி சொல்வாள். யார் கொடுத்த இடம் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. பிற்பாடு பெஞ்சு வந்தது, அவர்கள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அசன விருந்துக்கு மட்டும் எல்லாரும் ஒரே அண்டாவில் சாப்பிடுவோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

வில்சனுக்குத் தமிழ்ச் சபையின் சாதி கண்ணில் பட்டது, அவர் வெளியூர்க்காரர். அவர் நாட்டவர் டர்பனில் போட்ட கதவு அவர் காலத்தில் இல்லை, இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ. ஆண்ட்ரூஸுக்கு வெள்ளைக் கதவு கண்ணில் பட்டது, அதற்கு அவர் தம் இனத்துக்கே வெளியூர்க்காரராக வேண்டியிருந்தது. ஒருவர் உத்தரவு போட்டார், மற்றவர் குனிந்தார். உத்தரவு நூறாண்டில் பாதிதான் நிறைவேறியது. குனிந்ததற்கு என்ன பலன் என்று அளக்க எனக்கு அளவுகோல் இல்லை. 1914 ஜூலையில் மூன்று பவுன் வரி போயிற்று, கல்யாணங்கள் செல்லுபடியாயின. அது கூலிகள் நடந்த நடையின் பலன், ஆண்ட்ரூஸே அப்படித்தான் சொல்லியிருப்பார். அவர் பிறகும் அந்த நாட்டுக்குப் பல முறை போனார். 1927இல் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் இந்தியாவின் முதல் ஏஜென்டாக அங்கே போய் இறங்கினார், அதிலும் ஆண்ட்ரூஸின் உழைப்பு உண்டு. அது இன்னொரு மாலைக்கான கதை.

நேரமாகிவிட்டது, மின்விசிறியை நிறுத்தப்போகிறவர் என்னைப் பார்க்கிறார். ஞாயிறு காலை நான் மல்லிக் பஜார் போகிறேன். வர விரும்புகிறவர்கள் எட்டு மணிக்கு முனையில் நில்லுங்கள். உள்ளே சேறு, நல்ல செருப்பு வேண்டாம். வாசலில் காவலாளி ஒருவர் இருப்பார், யாரைப் பார்க்க என்று கேட்பார். பெயர் சொன்னால் போதும், விட்டுவிடுவார்.